எங்கே நிறுத்தினாலும் ஆடுவான்

பிள்ளைப்பாக்கம் ஏரி வற்றும் மாதங்களில் அதன் ஒரு மூலைதான் எங்கள் மைதானம். கோல்போஸ்டுக்கு இரண்டு சவுக்குக் கழி. ஞாயிறு காலை நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிற பையன்கள் அறைக்குப் போகாமல் நேராக இங்கே வந்துவிடுவார்கள். சேஃப்டி ஷூவைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டுப் பாதிப் பேர் வெறுங்காலோடுதான் ஆடுவார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், தருமபுரி, கன்னியாகுமரி, ஒடிசா, பீகார் என்று பதினொரு பேரில் ஏழெட்டு ஊர் இருக்கும்.

இந்த ஆண்டு ஒரு தம்பி புதிதாகச் சேர்ந்திருக்கிறார். வந்தவாசி பக்கத்துக் காலனிக்காரர். வயது 21. இங்கே ஒரு கம்பெனியில் டிரெய்னி. இடது காலில் ஆடுகிறவர். பந்து வருவதற்கு முன்பே அதை எங்கே அனுப்பப்போகிறோம் என்று முடிவு செய்துவிடுகிற ஆள். அந்த வயதில் அதுதான் அபூர்வம். முதல் ஞாயிறு லெஃப்ட் பேக்குக்கு ஆள் இல்லை, அங்கே நிறுத்தினோம். அடுத்த வாரம் விங்கில். மூன்றாவது வாரம் கோல்கீப்பர் ஊருக்குப் போய்விட்டார், கழிகளுக்கு நடுவே நிறுத்தினோம். மூன்று இடத்திலும் குறை சொல்ல முடியாமல் ஆடினார். "எங்க நிறுத்தினாலும் ஆடுவான்" என்று எங்கள் கேப்டன் எல்லோர் முன்னாலும் முதுகில் தட்டினார். தம்பியும் சிரித்தார். எனக்குத்தான் அந்தப் பாராட்டு உறுத்தியது. காரணம், அதே வாக்கியத்தை அவரைப் பற்றி வேறொரு இடத்திலும் கேட்டிருக்கிறேன்.

லைனில் அவர் ரிலீவர். ஃபேக்டரிக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அசெம்ப்ளி லைன் யாருக்காகவும் நிற்காது. ஒருவர் கழிவறைக்குப் போனால், டீக்குப் போனால், காய்ச்சலில் வராமல்போனால், அந்த இடத்தில் போய் நிற்கிறவர்தான் ரிலீவர். பத்துப் பன்னிரண்டு ஸ்டேஷன் வேலையும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் ஸ்கில் மேட்ரிக்ஸில் அதிக வட்டங்கள் நிரம்பியிருப்பது அவர் பெயருக்கு நேராகத்தான். ஆனால் எந்த ஸ்டேஷனும் அவருடையது இல்லை. இந்த எட்டு வருடத்தில் நான் பார்த்த ரிலீவர்களில் பெரும்பாலோர் டிரெய்னிகள், கான்ட்ராக்ட் ஆட்கள். எல்லாம் தெரிந்தவனுக்கு நிரந்தரம் மட்டும் கிடையாது.

ஆட்டம் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தபோது பேச்சு மைக்கேல் சூசைராஜிடம் போனது. எங்களோடு ஆடுகிற ஃபிட்டர் ஒருவர் தூத்தூர் கடற்கரைக்காரர். அவருக்கு சூசைராஜ் என்றால் சொந்த அண்ணன் மாதிரி. "இந்தியாவுக்கு பத்து வருஷம் ஆடியிருக்க வேண்டிய ஆளு" என்றார். இன்னொருவர் மறுத்தார்: "நல்லா ஆடுவாரு, ஆனா என்ன பொசிஷன்னே தெரியாதே." அந்த வாதம் அங்கே முடியவில்லை. அதைத்தான் இங்கே தொடர்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை கடலை ஒட்டி எட்டு ஊர்கள். ஆழ்கடலுக்குப் போய்ச் சுறா பிடிக்கிற ஊர்கள். கால்பந்து அங்கே திருவிழாவுக்குச் சமம். அதில் ஒன்றான இரவிபுத்தன்துறையில் 1994இல் பிறந்தவர் சூசைராஜ். மீனவர் வீட்டுப் பிள்ளை. அண்ணன் மைக்கேல் ரெஜினும் தொழில்முறை ஆட்டக்காரர். சென்னை சிட்டி அணி 2016-17இல் ஐ-லீகுக்குள் நுழைந்த பிறகுதான் நாடு சூசைராஜைப் பார்த்தது. அடுத்த சீசன் 2017 நவம்பர் கடைசியில் தொடங்கியது. அதே வாரத்தில்தான் ஒக்கிப் புயல் அந்த எட்டு ஊர்களின் ஆண்களைக் கடலில் பிடித்தது. ஊரில் வீட்டுக்கு வீடு யார் திரும்பினார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த சீசனில்தான் அவர் நாடு கவனிக்கிற ஆட்டக்காரராக ஆனார். இதை எந்த ஸ்கவுட்டிங் அறிக்கையிலும் எழுதமாட்டார்கள்.

2018இல் ஜாம்ஷெட்பூர் அவரை ஐஎஸ்எல்லுக்கு அழைத்தது. அங்கே விங்கர். 2019 ஜூனில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் இந்தியச் சட்டை. இகோர் ஸ்டிமாச் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற முதல் தொடர் அது. சகல் அப்துல் சமதும் பிராண்டன் ஃபெர்னாண்டஸும் அறிமுகமானது அங்கேதான். அதே ஆண்டு ஏடிகே அவரை எடுத்துக்கொண்டது. ஸ்பானியப் பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாஸ் மூன்று ஸ்டாப்பர்களை வைத்து ஆடுகிறவர். சூசைராஜை இடது விங்-பேக் ஆக்கினார். 2020 மார்ச்சில் கோவாவில், ஆளில்லாத மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டியில் சென்னையின் எஃப்சியை 3-1 என்று வென்று ஏடிகே சாம்பியன் ஆனது. மூன்று வருடத்தில் அட்டாக்கிங் மிட்ஃபீல்டர், விங்கர், விங்-பேக். பத்திரிகைகள் ஒரே வார்த்தையில் எழுதின: பன்முக ஆட்டக்காரர்.

இனி என் மதிப்பீடு. டீக்கடையில் சொன்னதைவிடக் கொஞ்சம் நிதானமாக.

அவருடைய பலம் ஓட்டம் இல்லை, திருப்பம். பந்தை வாங்கும்போதே உடம்பை ஒரு பக்கம் காட்டிவிட்டு மறுபக்கம் கிளம்பிவிடுவார். எதிரில் நிற்கிறவர் அரை நொடி தாமதமாகத்தான் புரிந்துகொள்வார். நெருக்கடியான இடத்தில் இரண்டு பேருக்கு நடுவே பந்தை வைத்துக்கொள்ள முடிந்த இந்தியர்கள் அன்று மிகக் குறைவு, இன்றும் குறைவுதான். இந்தத் திறமைக்கு வேலை இருப்பது எதிரணிக் கோலுக்கு முப்பது மீட்டருக்குள், இடது உள்பக்கத்தில். அங்கே ஆடினால் இடது காலால் குறுக்கே ஒரு த்ரூ பாஸ், இல்லையென்றால் நேராக ஒரு ஷாட். அவரை விங்-பேக்கில் வைத்தால் பாதி நேரம் சொந்தக் கோலைப் பார்த்து ஓடவேண்டியிருக்கிறது. தலையால் முட்டுவதும் உடம்பால் மோதுவதும் அவருடைய வேலை இல்லை. வலது காலை அவர் அவசரத்துக்குத்தான் தொடுவார். இவை குறைகள்தான், மறைக்கவேண்டியதில்லை. ஆனால் இவை ஒரு லெஃப்ட் பேக்கின் குறைகள். பத்தாம் நம்பரில் ஆடுகிறவரிடம் இவற்றை யாரும் கேட்கமாட்டார்கள்.

எதிர்வாதமும் இருக்கிறது, அது பலவீனமானது அல்ல. அன்றைய இந்திய அணிக்கு இடது பின்பக்கம்தான் ஓட்டை. 2019 செப்டம்பரில் தோஹாவில் ஆசிய சாம்பியன் கத்தாரை 0-0 என்று நிறுத்திய புகழ்பெற்ற ஆட்டத்தில்கூட லெஃப்ட் பேக்காக நின்றவர் மந்தார் ராவ் தேசாய். அவரும் விங்கராக இருந்து மாற்றப்பட்டவர்தான். பத்தாம் இடத்துக்கோ சகல், பிராண்டன், அனிருத் தாபா என்று வரிசை. ஆக, விங்-பேக் ஆனால்தான் அவருக்கு தேசிய அணியின் கதவு தொடர்ந்து கொஞ்சமாவது திறந்திருக்கும் என்று சொல்லலாம். ஹபாஸ் அவருக்குக் கோப்பையும் வாங்கித் தந்தார். பயிற்சியாளரின் கணக்கில் இதில் ஒரு தவறும் இல்லை.

என் கேள்வி பயிற்சியாளரைப் பற்றியது இல்லை. ஓட்டையை அடைக்க யாரை நகர்த்துகிறோம், யாரை நகர்த்தாமல் விடுகிறோம் என்பதைப் பற்றியது. அகாடமியில் பதினான்கு வயதிலிருந்து ஒரே இடத்தில் வளர்ந்தவர், பெரிய கிளப்பில் பெயர் எடுத்தவர், "நான் அங்கே ஆடமாட்டேன்" என்று சொல்லலாம். 24 வயதில்தான் ஐஎஸ்எல்லைப் பார்த்தவர் அப்படிச் சொல்ல முடியாது. தாமதமாக வந்தவர் கிடைத்த இடத்தில் நிற்பார். அப்படி நிற்பதைத்தான் நாம் பன்முகத் திறமை என்று பாராட்டுகிறோம்.

ஆஸ்திரியாவின் டேவிட் அலாபாவைப் பாருங்கள். அவரும் இடது கால்காரர். பேயர்ன் மியூனிக்கில் லெஃப்ட் பேக், பிறகு ஸ்டாப்பர். தேசிய அணிக்கு வந்தால் மிட்ஃபீல்டில் ஆடினார். அணியே அவரைச் சுற்றித்தான் கட்டப்பட்டது. நைஜீரிய அப்பாவுக்கும் பிலிப்பைன்ஸ் அம்மாவுக்கும் வியன்னாவில் பிறந்த அவரிடம், 2012இல் ஒரு மாநில ஆளுநர் ஆங்கிலத்தில் நலம் விசாரிக்க, நானும் ஆஸ்திரியன்தான் என்று அவர் திருப்பிச் சொல்லவேண்டியிருந்தது. தோலைப் பார்த்து அந்நியன் என்று நினைக்கும் நாட்டிலும் அவர் தன் இடத்தைத் தானே தேர்ந்தெடுக்க முடிந்தது. காரணம் ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் ஒன்று அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது. பன்முகம் என்பது அவர் கையில் ஒரு உரிமை. ரிலீவருக்கு அது ஒரு கடமை.

நம் ஊர்களில் இந்தக் கடமைக்கு நீண்ட வரலாறு உண்டு. சாதி ஒவ்வொருவரையும் ஒரு தொழிலில் கட்டிப்போட்டது என்று பாடப்புத்தகம் சொல்லும். பாதிதான் உண்மை. சேரியில் இருந்தவனுக்கு ஒரு தொழில் என்று இருந்ததே இல்லை. ஏரி மடை திறப்பது, வயல் காவல், செத்த மாட்டை அகற்றுவது, பறை அடிப்பது, பிணக்குழி வெட்டுவது, துக்கச் செய்தி சொல்ல நாலு ஊர் நடப்பது எல்லாம் அவன் தலையில்தான். எந்த வேலைக்கும் கூப்பிடலாம். எந்த வேலைக்கும் அவன் உரிமை கொண்டாட முடியாது. ஊர்ப் பெரியவர்கள் அவனையும் "எதுக்கும் வருவான்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இடது காலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோத்தாங்கை, பீச்சாங்கை என்று உடம்பையே இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குத் தீட்டு ஒட்டிய சமூகம் நம்முடையது. உடம்பைச் சுத்தம் செய்கிற கை எப்படி அசுத்தமானது என்று யாரும் கேட்கவில்லை. ஊரைச் சுத்தம் செய்கிறவர்களைப் பற்றியும் கேட்கவில்லை. பள்ளியில் இடது கையால் எழுதியதற்கு அடி வாங்கியவர்கள் எங்கள் அணியிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். கால்பந்தில் மட்டும் இது தலைகீழ். உலக அளவில் ஆட்டக்காரர்களில் ஐந்தில் ஒருவர்தான் இடது கால்காரர். அதனால் அவருக்குக் கிராக்கி. அந்தக் கிராக்கியே பொறியாகவும் மாறுகிறது. இடது கால் இருக்கிறதா, இடது ஓரத்துக்குப் போ. மூளை நடுவில் ஆடுகிற மூளையா என்று பார்ப்பதற்குள் காலைப் பார்த்து இடம் முடிவாகிவிடுகிறது. பிறப்பைப் பார்த்து வேலையை முடிவு செய்வதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை என்று நான் சொன்னபோது, எங்கள் கேப்டன் "எல்லாத்தையும் அங்கேயே கொண்டுபோய் முடிக்காதீங்க தோழர்" என்றார். சரி, முடிக்கவில்லை. ஆனால் பல்வங்கர் பாலுவைப் பற்றி அவருக்குச் சொன்னேன்.

பாலு இடது கைச் சுழற்பந்து வீச்சாளர். தீண்டாமைக்கு உள்ளான சமூகத்தில் பிறந்து, பூனாவில் வெள்ளையர் கிளப் மைதானத்தைப் பராமரிக்கிற வேலையிலிருந்து மேலே வந்தவர். இந்துக்களின் அணிக்கு ஆடியபோது சக ஆட்டக்காரர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் தேநீர் குடிக்க, அவருக்கு வெளியே மண் குவளை. 1911இல் இங்கிலாந்து போன முதல் அகில இந்திய அணியில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகள் எடுத்தார். விக்கெட் வேண்டும் என்றால் பாலு; கேப்டன் வேண்டும் என்றால் வேறு யாராவது. அந்தப் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. பிறகு அவருடைய தம்பி விட்டல்தான் அந்த அணிக்குக் கேப்டன் ஆனார். (1937 தேர்தலில் பாலு காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரையே எதிர்த்து நின்று தோற்றார் என்பது தனிக் கதை. நம் நாயகர்கள் எல்லோரும் நம் பக்கமே நின்றார்கள் என்று எழுதினால் அது வரலாறாகாது.) பாலுவின் திறமையை யாரும் மறுக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. திறமையை ஒப்புக்கொண்டே இடத்தை மறுக்க முடியும்.

சூசைராஜின் கதை எப்படி முடிந்தது? 2020 நவம்பர் 20, பாம்போலிம். கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக ஐஎஸ்எல் சீசனின் முதல் ஆட்டம். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. முழங்கால் போய், ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். சீசன் முழுக்கப் போனது. நான்கு மாதத்தில், 2021 மார்ச்சில், ஓமனுக்கு எதிராக இந்தியா பத்துப் புதுமுகங்களை ஒரே ஆட்டத்தில் இறக்கியது. இடது பின்பக்கத்தில் ஆகாஷ் மிஸ்ரா வந்தார். நல்ல ஆட்டக்காரர், இடத்தைப் பிடித்துக்கொண்டார். சூசைராஜ் குணமாகித் திரும்பினார், பிறகு ஒடிசாவுக்கும் போனார். பழைய திருப்பம் அடிக்கடி தெரியவில்லை. இந்தியாவுக்கு அவர் ஆடியது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள்தான்.

முழங்காலுக்குச் சாதி தெரியாது. அதை நான் யார் மீதும் பழிபோட மாட்டேன். ஆனால் காயத்துக்குப் பிறகு ஒருவருக்காகக் காத்திருப்பார்களா என்பது அவருக்கென்று ஒரு இடம் இருந்ததா என்பதைப் பொறுத்தது. "இது சூசைராஜின் இடம்" என்று ஒன்று இருந்திருந்தால் அது காலியாக இருப்பது கண்ணில் பட்டிருக்கும். ரிலீவர் வராத நாளில் லைன் லீடர் இன்னொரு ரிலீவரைத்தான் தேடுவார். வியாசர்பாடியின் தனபால் கணேஷையும் இங்கே நினைக்கவேண்டும். 2018இல் சென்னையின் எஃப்சி கோப்பை வென்றபோது அரையிறுதியில் கோல் அடித்த மிட்ஃபீல்டர். அவரையும் முழங்கால்தான் அடுத்த சீசனில் உட்காரவைத்தது. நம் பிள்ளைகள் முழங்காலை முதலாகப் போட்டு ஆடுகிறார்கள். ஒருகாலத்தில் ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை என்று அலுவலக அணிகள் இருந்தன. கால் போனாலும் வேலை இருந்தது. வடசென்னையில் பல வீடுகளில் விளக்கு எரிந்தது அந்த விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளால்தான். இன்று ஒப்பந்தம் ஓரிரு வருடம். அதற்குப் பிறகு அவரவர் பாடு. அந்தச் சென்னை சிட்டி கிளப்பே, சூசைராஜ் கிளம்பிய அடுத்த சீசனில் ஐ-லீக் கோப்பையை வென்றுவிட்டு, சில ஆண்டுகளில் களத்திலிருந்தே காணாமல்போனது.

இந்தியாவிடம் ஆட்டக்காரர்கள் நிரம்பி வழிந்து அவரை விட்டிருந்தால் ஒப்புக்கொள்ளலாம். 2025 மார்ச்சில் 40 வயது சுனில் சேத்ரியை ஓய்விலிருந்து திரும்ப அழைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மட்கானில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குள்ளேயே நுழைய முடியாமல் போனது. 140 கோடிப் பேர் இருக்கிறோம் என்று ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் சொல்கிறோம். அதில் எத்தனை கோடிப் பேரைப் பந்தோடு யாராவது பார்த்திருக்கிறார்கள்?

எங்கள் ஏரிக்கரைத் தம்பியிடம் திரும்புகிறேன். அவர் தேசிய அணிக்குப் போவார் என்றெல்லாம் எழுதமாட்டேன். 21 வயது, முறையான பயிற்சி இல்லை, இரவு வேலை, மெஸ் சாப்பாடு. காலம் கடந்துவிட்டது என்பது அவருக்கே தெரியும். சென்னையில் ஒரு கிளப் போன வருடம் ஆள் தேர்வு வைத்தது, புதன்கிழமை. லீவு கேட்டிருக்கிறார். அன்றைக்கு நான்கு பேர் வரவில்லை, "உன்னை விட்டா லைன் நிக்கும்" என்று சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"உனக்கு எங்க ஆடப் பிடிக்கும்?" என்று கேட்டேன். பதில் வர நேரமானது. யாரும் அதுவரை கேட்டதில்லை போல.

"நடுவுலண்ணா. ஃபார்வர்டுக்குக் கொஞ்சம் பின்னால."

வரும் ஞாயிறு அங்கேதான் ஆடுகிறார், இனி ஒவ்வொரு ஞாயிறும். கேப்டன் முனகினார்: அப்போ லெஃப்ட் பேக்குக்கு யார்? நான் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு இடது காலில் பந்தைத் தொடவே வராது. முதல் பாதிக்குள் இரண்டு கோலாவது வாங்குவோம்.